பெயர் எழுதிய வாசல்கள்



பயிற்சி ஒன்றுக்காக இங்கிலாந்து சென்றிருந்தபோது, கடைசி இரண்டு நாட்களை டார்பிஷயர் மலைப்பகுதியிலுள்ள ஈம் என்ற சிறு கிராமத்தில் கழித்தேன். ஷெபீல்ட் நகரிலிருந்து பஸ்ஸில் போனேன்.

தங்கியது பெரிய ஹோட்டலில் அல்ல. கணவரை இழந்த வயதான அம்மா ஒருவர், தன் வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். காலைச் சாப்பாடும் அந்த வாடகைக்குள் அடங்கும். முட்டை, தக்காளி, காளான், பாண் எல்லாவற்றையும் தானே ஆயத்தம் செய்து பரிமாறினார். இந்த வருமானத்தில்தான் கூரையைத் திருத்தியதாகச் சொன்னார்.

காலையில் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். தேவாலயத்துக்கு அருகேயுள்ள கல்வீடுகளின் முன்னால் பலகைகள் இருந்தன. அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் இங்கு நுழைந்தது என்பார்கள். நோய் அயலூர்களுக்குப் பரவக்கூடாதென்று, 1666இல் மதகுரு மொம்பெசனின் சொற்படி ஊரவர்கள் எல்லை தாண்டாமல் இருந்தார்கள். அயலவர்கள் எல்லையில் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். எல்லைக் கல்லில் குடைந்த குழிகளில் வினாகிரி ஊற்றி, அதற்குள் காசைப் போட்டு விலை கொடுத்தார்கள். நோய் அடங்கியபோது ஏறத்தாழ 260 பேர் இறந்திருந்தார்கள். மதகுருவின் மனைவி கதரினும் அவர்களில் ஒருவர்.

ஊருக்கு வெளியே, வயல்வெளியில், ஒரு கல்மதிலுக்குள் சில கல்லறைகளைக் கண்டேன். எலிசபெத் ஹான்கொக் என்ற தாய், 1666 ஆகஸ்ட்டில் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். அவர்களைத் தன் கையாலேயே அடக்கம் செய்தார். அவர் மட்டும் நோய்க்குத் தப்பினார்.

அங்கே நின்றபோது வன்னியில் சந்தித்த ஓர் அக்காவின் நினைவு வந்தது. 2009இல் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். முறையாக அடக்கம் செய்யவும் அவகாசம் கிடைக்கவில்லை. "பேரை எழுதி வைக்கக்கூட ஓர் இடமில்லையே, தங்கச்சி" என்றார். நான் வாழ்வாதாரப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "பழசை மறந்துபோட்டு இனி நடக்கவேண்டியதைப் பாருங்கோ அக்கா" என்றேன். சமூகவியல் படித்த எனக்கு அன்று சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாலையில் விடுதி அம்மாவிடம், "இறந்தவர்களின் பெயர்களைத் தினமும் பார்ப்பது துயரமாக இல்லையா?" என்று கேட்டேன். "அவர்களும் எனக்கு அயலவர்கள்தான்" என்றார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஊர்கூடி அவர்களை நினைத்து வழிபாடு செய்கிறார்கள். 350 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களை மறந்துவிடும்படி அங்கே யாரும் சொல்லவில்லை.

நாடு திரும்பியதும் அந்த அக்காவிடம் போனேன். இம்முறை படிவம் கொண்டுபோகவில்லை. கொப்பி ஒன்றைக் கொண்டுபோனேன். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, விருப்பமான சாப்பாடு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அழுதார். இடையில் ஒருமுறை சிரிக்கவும் செய்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கொப்பி இருக்கட்டும், சகோதரிகளே. எழுத முடியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.