கேசரி கிளறிய பிறந்தநாள்

என் மகளின் முதல் பிறந்தநாளை மண்டபம் பிடித்துக் கொண்டாடியவன் நான். வாசலில் பலூன் வளைவு, இரண்டடுக்கு கேக், வந்தவர்களுக்கெல்லாம் ரிட்டர்ன் கிஃப்ட். அவளோ மைக் சத்தத்துக்கு மிரண்டு அழுது, கேக் வெட்டும் முன்பே பாட்டி தோளில் தூங்கிப்போனாள். அது அவள் தூங்கும் நேரம் என்பது குழந்தைகள் நல மருத்துவரான எனக்குத் தெரியாததல்ல. விருந்தினர் வசதியைப் பார்த்து நேரம் குறித்தேன். கிரெடிட் கார்டில் போட்ட செலவை அடைக்க எட்டு மாதமானது. ஆகவே, அறிவுரைக்கு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அதற்காக முதல் பிறந்தநாளை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஓராண்டைக் கடக்கவில்லை. குலதெய்வத்துக்கு முடியிறக்கி உறவுக்குச் சோறு போட்டவர்கள், பிள்ளை பிழைத்துவிட்ட நிம்மதியைத்தான் கொண்டாடினார்கள். சிறுவயதில் வகுப்பில் மிட்டாய் கொடுக்கக்கூட வழியில்லாதிருந்த ஒரு தகப்பன் மகனுக்கு மூன்று கிலோ கேக் வாங்கினால், அதைப் பகட்டு என்று சொல்ல நான் யார்? செய்த மொய் திரும்பிவரும் கணக்கும் இதில் உண்டு. ஆனால், இவை பெரியவர்களின் தேவைகள். அதைத் தெரிந்தே செய்தால் பிழையில்லை; ‘எல்லாம் குழந்தைக்காக’ என்று சொல்லிக் கடன் வாங்கும்போதுதான் சிக்கல்.

பெரியவர்களிடம் அவர்களின் மிகப் பழைய நினைவைக் கேட்டால், அது சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்ததாக இருக்கிறது. அப்படியானால் அதற்கு முந்தைய கொண்டாட்டங்கள் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. நடந்ததைப் பற்றிக் கேள்வி கேட்டு விரிவாகப் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் அதைக் கூடுதல் விவரத்துடன் நினைவுகூர்கிறார்கள் என்பதை உளவியலாளர் ராபின் ஃபிவுஷ் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. விழாவுக்கு மறுநாள் இரவு, படுக்கையில் நடக்கும் பேச்சுக்குச் செலவே இல்லை. கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்ந்து விளையாடுவதில்லை, அருகருகே விளையாடுகிறார்கள். 1932இலேயே ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் பதிவுசெய்த உண்மை இது. நாற்பது பிள்ளைகளை அழைப்பது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

மகனின் நான்காவது பிறந்தநாளை வீட்டில் வைத்தோம். ஐந்து பிள்ளைகள், மாலை நான்கு முதல் ஐந்தரை வரை. தோற்றவரை வெளியேற்றும் ஆட்டங்கள் கிடையாது. பலூனும் கட்டவில்லை, வெடித்த பலூன் துண்டு ஒரு பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடக் கூடும். இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. வீட்டு விழா மலிவு என்று சொல்பவர்கள் அம்மாவின் உழைப்புக்கு விலை போடுவதில்லை. அதனால், இனிப்புக்குக் கேசரி, கூடவே ஒரு சுண்டல் என்று நிறுத்திக்கொண்டு அடுப்படியில் நான் நின்றேன். சர்க்கரையை அளந்து கொட்டும் பொறுப்பு அவனுடையது. பாதி தரையில் கொட்டியது. அடுப்பைத் தள்ளிவைத்து, ஆறிய சட்டியை அவனும் கிளறினான்.

அந்தக் கேசரியை எறும்பு மொய்த்த கதையோடு சேர்த்து இன்றும் சொல்வான். மகள் தன் ஆல்பத்தைப் புரட்டும்போது கேட்பது ஒன்றைத்தான்: “எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் மட்டும் ஏன்ப்பா அழறேன்?”

- கட்டுரையாளர், குழந்தைகள் நல மருத்துவர்.