பாணை விட்டுப் பிட்டுக்குத் திரும்புவோம்

மாரடைப்பு என்பது வசதி படைத்தவர்களின் வருத்தம் என்று எமது கிராமங்களில் இன்னும் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இலங்கையில் நிகழும் ஐந்து மரணங்களில் நான்கு தொற்றாத நோய்களால் நிகழ்கின்றன; அவற்றுள் முன்னிற்பது இருதய நோயே. மண்வெட்டி பிடித்த கைகள் இன்று கிளினிக் கொப்பியைப் பிடித்திருக்கின்றன. மருந்தை வைத்தியர் தீர்மானிக்கட்டும். காலைச் சாப்பாடு எமது அடுப்பில் தீர்மானிக்கப்படுவது. அதைப் பற்றி நாம் பேசுவோம்.

பெரியகல்லாறு ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஊர். எழுவான்கரையில் குடியிருப்பு, படுவான்கரையில் வயல் என்பதே எம்மவர் பலரின் வாழ்வு. 1990 இலும் அதன் பின்னரும் போரினால் இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் புகுந்தபோதும் கையில் கிடைத்தது நிவாரண மா. பசியாற்றிய அந்த மாவைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனால் நிவாரணம் நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. நிலத்தை விட்டுப் பிரிந்தபோது குரக்கனும் பயறும் வீட்டை விட்டுப் போயின. இப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் முச்சக்கரவண்டியே எமது காலை உணவைத் தீர்மானிக்கிறது. வெள்ளைப் பாண், உப்புத் தூக்கலான சம்பல், மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ. தவிடு நீங்கிய மா விரைவில் சீனியாகி இரத்தத்தில் சேர்கிறது. பத்து மணிக்கே மீண்டும் பசிக்கிறது.

‘ஓட்ஸ் சாப்பிடுங்கள்’ என்று யாரோ சொல்லக் கேட்டு, கடன் சொல்லிப் பெட்டி வாங்குவோரும் உளர். ஓட்ஸ் நல்லதுதான். அதிலுள்ள நார்ப்பொருள் கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறது. பயறு, கடலை, கௌபி ஆகியவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. பெட்டிக்குக் கொடுக்கும் காசு வீண் செலவு என்பதே எமது கருத்து.

குரக்கன் மா ஒரு சுண்டு, சிவப்பரிசி மா ஒரு சுண்டு எடுத்து, வறுத்து, சுடுநீர் தெளித்துக் குழையுங்கள். முதல்நாள் ஊறவைத்து அவித்த பயறு இரண்டு கைப்பிடி, நறுக்கிய முருங்கையிலை இரண்டு கைப்பிடி, தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி சேர்த்து ஆவியில் அவித்தெடுங்கள். இது நாலைந்து பேருக்குப் போதும். தொட்டுக்கொள்ளச் சீனி வேண்டாம். முதற்பால் விடாத மீன் ஆணம் இருக்கட்டும். சூடை, கீரி போன்ற மலிவான சிறு மீன்களின் எண்ணெய் இருதயத்துக்கு உகந்தது. குரக்கன்தானே என்று கோப்பை நிறையப் போட்டுக்கொள்வதும் சரியல்ல. சீனி வருத்தக்காரருக்கு அளவு முக்கியம்.

விறகு குறைவான நாட்களில் இலைக்கஞ்சி. சிவப்பரிசியைக் குழைய அவித்து, வல்லாரை அல்லது முருங்கையிலைச் சாறு விட்டு, உள்ளி தட்டிப் போட்டால் முடிந்தது. (சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இலைச் சாற்றைப் பற்றி முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.) தவிட்டரிசிப் பழஞ்சோறும் நல்லதே, அதைக் கெடுப்பது பக்கத்தில் வைக்கும் கருவாடு.

உப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பேருள்ள வீட்டில் மாதம் 750 கிராமுக்கு மேல் உப்பு முடியக்கூடாது. கருவாட்டிலும் பாணிலும் உள்ளதும் இக்கணக்கில் அடங்கும். பைக்கற்றில் திகதி எழுதிவைத்துப் பாருங்கள்.

‘யார் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பிட்டு அவிப்பது?’ என்று தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. பாண் வெற்றி பெற்றதற்கு விலை மட்டும் காரணமன்று, பெண்களின் களைப்பும் காரணம். 2022 இல் மாவும் பாணும் எட்டாத விலைக்கு ஏறியபோதும் பல வீடுகள் பாணை விடாததற்குக் காரணம் இதுவே. ஆகவே தேங்காய் துருவுவதும் முருங்கையிலை உருவுவதும் ஆண்களின் வேலையாகட்டும். மாவைக் கிழமைக்கு ஒருமுறை வறுத்துப் போத்தலில் அடைத்து வைக்கலாம்.

நெல் குற்றும்போது ஆலைக்காரரிடம் தவிடு போகத் தீட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவிட்டரிசியில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் நெடுநாள் வைத்தால் சிக்கு மணம் வரும். இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் குற்றுங்கள்.