சீட்டுக்கு எதுக்குங்க சக்கரம்?

வீட்டுல ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுற மக்களே, கோவிச்சுக்காதீங்க. ரேஸ் கார் சீட் மாதிரி தைச்ச, அஞ்சு சக்கரம் வெச்ச கேமிங் சேரை வாங்கிப் போட்டுட்டு 'காக்பிட் ரெடி'ன்னு பீத்திக்காதீங்க. ரட்டர் பெடலை மிதிச்சா சேர் பின்னால ஓடும், பெடல் பாதியிலேயே நிக்கும்.

நிஜ விமானத்துல இது உயிர்ப் பிரச்சினை. செஸ்னா 172-ல சீட் தண்டவாளத்துல நகரும். டேக்-ஆஃப் நேரத்துல பூட்டு விட்டுப்போய் சீட் பின்னால சரிஞ்சா, பைலட் கையில பிடிச்சிருக்கிற யோக்கும் கூடவே வரும். மூக்கு மேல தூக்கும், விமானம் ஸ்டால் ஆகலாம். சீட் நழுவுறதைத் தடுக்கத்தான், அந்தத் தண்டவாளங்களைச் சோதிக்கணும்னு 1987-ல அமெரிக்காவோட எஃப்.ஏ.ஏ. உத்தரவே போட்டுச்சு.

ஏர்பஸ் ஏ320-ல முன்கண்ணாடிக்கு நடுவுல குட்டி உருண்டைகள் இருக்கும். சிவப்பு உருண்டை வெள்ளையை மறைக்கிற வரைக்கும் பைலட் சீட்டை நகர்த்துவார். கண் சரியான இடத்துக்கு வரணும், அதுதான் கணக்கு. சீட்டோட பகட்டு இல்லை.

அதனால, சக்கரமில்லாத நாலுகால் நாற்காலியே போதும். பெடலையும் அதையும் ஒரே பலகையில முடுக்குங்க. முழுசா மிதிச்சாலும் முட்டி லேசா மடங்கியிருக்கணும். மிச்சக் காசுல நல்ல பெடல் வாங்குங்க.

இல்லைன்னு சொல்றவங்க, இடது பெடலை ஒரு தடவை ஓங்கி மிதிங்க. சேர் எங்க போய் நிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்.