கரும்புப் பாகிலிருந்து சாராயம் மட்டும்தானா?

பெல்வத்த, செவனகல தொழிற்சாலைகளில் சீனியைப் பிரித்தெடுத்த பின் எஞ்சுவது மொலாசஸ் எனும் கரிய பாகு. அது போய்ச் சேருமிடம் பெரும்பாலும் எதனோல் வடிசாலை. 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின் அந்தப் பாதை மேலும் உறுதியாகிவிட்டது. இதே பாகில் வேறு என்ன செய்யலாம் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

நான் சொல்வது சிற்றிக் அமிலத்தை. தேசிக்காயின் புளிப்பு அதுதான். 1784 இல் சுவீடனின் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் இத்தாலி தன் எலுமிச்சைத் தோட்டங்களை வைத்தே உலகச் சந்தையைப் பிடித்திருந்தது. 1917 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கரீ, சீனிக் கரைசலில் வளரும் அஸ்பர்ஜிலஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சணம் இவ்வமிலத்தைத் தாராளமாகத் தரும் எனக் காட்டினார். 1919 இல் பைசர் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. பழத்தை நம்பியிருந்த இத்தாலியின் ஏகபோகம் அதன்பின் நிலைக்கவில்லை.

நொதித்தல் என்றாலே சாராயம் என நினைப்பவர்கள் நம்மில் அதிகம். பாகில் மதுவத்தை விட்டால் மதுசாரம் வரும். இந்தப் பூஞ்சணத்தை விட்டுக் காற்றை ஏராளமாகச் செலுத்தினால் வருவது அமிலம். உணவுப் பக்கற்றுகளில் ஈ 330 என்று காண்பது இதுவே.

குளிர்பானம், ஜாம், டொபி, தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரை, சலவைத்தூள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. சுண்ணாம்புக்கல் நீர் கிடைக்கும் யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் பகுதிகளில் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லை நம் தாய்மார் அறிவர். கேத்தல் நிறைந்த நீரில் இரண்டு தேக்கரண்டி போட்டுக் கொதிக்கவைத்து, அரை மணிநேரம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். விம் போட்டுச் சுரண்டுவதைவிட எவ்வளவோ மேல்.

தொழிற்சாலை அமைப்பது இலகு என்று நான் சொல்லவில்லை. மொலாசஸில் உள்ள இரும்பு, மங்கனீஸ் போன்றவற்றை முதலில் அகற்றாவிட்டால் விளைச்சல் குறையும். அத்துடன், பெருமளவில் உற்பத்தி செய்யும் சீனாவின் விலையோடு சிறிய ஆலை மோத முடியாது. எனவே இது அரசும் பெரிய முதலீட்டாளரும் கணக்குப் பார்க்க வேண்டிய விடயம். அந்தக் கணக்கையாவது பார்க்கட்டும்.

சிறு வியாபாரி அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மூடைகளாக வாங்கி, கேத்தல் கல் நீக்கும் தூளாகச் சிறு பக்கற்றில் அடைத்து விற்கலாம். குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்துடன் சேர்க்கக் கூடாது, நச்சுவாயு வரும் என்பதைப் பக்கற்றிலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுவிடுங்கள்.