பீரோவில் ஒரு துப்பாக்கி

"தற்காப்புக்கு எந்தக் கைத்துப்பாக்கி நல்லது?" என்று யாராவது கேட்டால் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். எதுவும் வேண்டாம் சாமி, அந்தக் காசை வேறு எதற்காவது செலவு செய்யுங்கள். இப்படிச் சொன்னால், "பி.காம். படிக்கிற பையனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?" என்பார்கள். பி.காம். படிப்பதால்தான் சொல்கிறேன். எதை வாங்கினாலும் வரவென்ன, செலவென்ன என்று எழுதிப் பார் என்பதுதான் மூன்று வருடமாக எங்களுக்குச் சொல்லித் தரும் ஒரே பாடம்.

இந்தக் கேள்வி எங்கள் பக்கம் அடிக்கடி எழுகிறது. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் தனி வீடுகள் நிறைந்த இடங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதானவர்கள் மட்டும். பூட்டியிருந்த வீட்டை உடைத்து நகை போனது என்று பேப்பரில் நாலு வரி வந்தால் போதும், அன்று சாயங்கால வாக்கிங்கில் வேறு பேச்சே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு மாமா, பேங்கில் ரிடையர் ஆனவர், "லைசென்ஸ் போட்டு ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன்டா, எது நல்லதுன்னு நெட்ல பார்த்துச் சொல்லு" என்றார். பார்த்தேன்.

முதல் விஷயம், நம் ஊரில் 'தேர்ந்தெடுக்க' பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்க யூடியூப் ஆசாமிகள் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பேசும் 9 எம்.எம்., .45 எல்லாம் இங்கே தடைசெய்யப்பட்ட ரகம். தனி ஆட்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி கொண்டுவருவது எண்பதுகளிலேயே ஏறக்குறைய நின்றுவிட்டது. சாதாரண மனிதனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32 தான்.

அதில் ரொம்பப் பேசப்பட்டது 'நிர்பீக்'. 2012 டிசம்பரில் டெல்லியில் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்று சொல்லி 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை அறிமுகப்படுத்திய ரிவால்வர். எடை சுமார் அரை கிலோ, விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். அன்றைக்கு ஒரு சராசரி இந்தியரின் ஓராண்டு வருமானத்தை விட அதிகம்! பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு அந்த விலையில் ஒரு பாதுகாப்பு. யாருக்காக யோசித்தார்களோ, தெரியவில்லை. பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி தெரிந்தவன்தான் என்று அரசின் குற்ற ஆவணக் காப்பகமே வருடாவருடம் சொல்கிறது. சொந்தக்காரனும் பக்கத்து வீட்டுக்காரனும் வரும்போது கைப்பையில் கைவிட யாருக்குத் தோன்றும்?

லைசென்ஸ் கதைக்குள் நீளமாகப் போகப் போவதில்லை. 1959 ஆயுதச் சட்டம், 2016 விதிகள், 21 வயது ஆகியிருக்க வேண்டும் (எனக்கு ஆகிவிட்டது, பயப்படாதீர்கள்), போலீஸ் விசாரணை, தேவை உண்டென்று காட்டுவது. எங்கள் பகுதிக்கு 2022 முதல் தாம்பரம் போலீஸ் கமிஷனர் அலுவலகம். கிடைத்தாலும் ஒரு வேடிக்கை உண்டு. தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று நம் ஊர்த் தேர்தல்களை எண்ணிப் பாருங்கள். அந்த வாரங்களில் திருடன் லீவு போடுவானா?

சரி, எல்லாம் கடந்து கையில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

2019 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் கடையம் பக்கத்தில் நடந்ததைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் கழுத்தை, முகமூடி போட்ட ஒருவன் பின்னாலிருந்து துணியால் இறுக்குகிறான். சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்து செருப்பை எடுத்து வீசுகிறார். பெரியவரும் விடுபட்டு எழுந்து, இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளால் விளாசுகிறார்கள். அரிவாளோடு வந்த இருவரும் ஓடிப் போனார்கள். சிசிடிவியில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது, அந்தச் சுதந்திர தினத்தில் முதலமைச்சர் விருதும் கிடைத்தது.

இப்போது அந்தப் பெரியவரிடம் ஒரு நிர்பீக் இருந்ததாகக் கற்பனை செய்யுங்கள். அது எங்கே இருந்திருக்கும்? பீரோவில், உள் லாக்கரில், தோட்டா தனியாக வேறு இடத்தில். பொறுப்பானவர் அப்படித்தான் வைப்பார். கழுத்தில் துணி விழுந்த பிறகு அவர் எழுந்து உள்ளே போய், சாவி தேடி... வேண்டாம், நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எடுக்க வசதியாகத் தோட்டா நிரப்பித் தலையணைக்குக் கீழே வைத்தால் திருடனுக்கு முன்னால் பேரன் எடுப்பான். பூட்டி வைத்தால் உதவாது, பூட்டாமல் வைத்தால் ஆபத்து. இந்த முடிச்சை அவிழ்க்கும் மாடலை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் தயாரிக்கவில்லை.

இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு திரிவதும் இதே லட்சணம்தான். 2025 மார்ச்சில் தென் சென்னையில் ஒரே காலையில் அடுத்தடுத்துப் பல இடங்களில் சங்கிலி பறித்தார்களே, ஒவ்வொன்றும் சில நொடி வேலை. பைக்கில் வருகிறவன் சொல்லிவிட்டு வருவதில்லை. நீங்கள் சுதாரித்துத் துப்பாக்கியை எடுக்கும்போது அவன் ஐம்பது அடி தள்ளிப் போயிருப்பான். கேம்ப் ரோடு சிக்னலில், ஸ்கூல் வேனுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் குறிபார்க்கப் போகிறீர்களா? அந்தத் திருடர்கள் மாட்டியது கேமராவாலும், போலீஸ் விமான நிலையம் வரை துரத்திப் போனதாலும்தான்.

"அப்படியென்றால் வீட்டுக்குள் வந்தவனைச் சும்மா விடச் சொல்கிறாயா?" இல்லவே இல்லை. தற்காப்பு உரிமை வேறு, துப்பாக்கி வேறு. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும், தேவைக்கு மீறாத தற்காப்பு என்றால் குற்றமில்லை என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 103-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது 41-வது பிரிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த உரிமைக்கு மிகவும் பேசப்பட்ட உதாரணம் 2012-ல் மதுரையில். மகளிடம் தவறாக நடந்த கணவனை ஒரு தாய் அடித்தார், அவன் இறந்தான். தற்காப்பு என்று சொல்லி காவல்துறையே அவரை விடுவித்தது. அவர் கையில் இருந்தது கிரிக்கெட் மட்டை.

துப்பாக்கியால் வீட்டுக்குள் நடந்த நம் ஊர்ச் சம்பவம் எது? எல்லோருக்கும் தெரிந்தது ராமாவரம் தோட்டம், 1967 ஜனவரி 12. எம்.ஜி.ஆரைச் சுட்டது சுவரேறிக் குதித்த கொள்ளைக்காரன் இல்லை. வாசல் வழியாக வந்து, உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எம்.ஆர்.ராதா. சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்பது அரசுத் தரப்பு வழக்கு. கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்.ஜி.ஆரின் குரல் கடைசிவரை மாறிப்போனது. ஆட்களும் காவலும் இருந்த வீடு அது.

ஒரு இடத்தில் மட்டும் என் வாதம் தடுமாறுகிறது, மறைக்க விரும்பவில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூவர், 2025-ல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். இரண்டையும் செய்தது ஒரே கும்பல் என்றது காவல்துறை. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லாத அப்படிப்பட்ட தோட்டத்தில் இருப்பவர் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு மனுப் போட்டால் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அங்கேயும் நோட்டம் பார்த்து, தூங்கும் நேரம் தெரிந்து வருகிறவனுக்கு எதிராக, எழுபது வயதில் தூக்கக் கலக்கத்தில் எத்தனை பேரால் சுட முடியும்? ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தத் தனிமையும் இல்லை. ஜன்னலைத் திறந்து கத்தினால் நாலு வீட்டில் லைட் எரியும்.

இனி செலவுப் பக்கம். லட்ச ரூபாய் பெரிய செலவில்லை. பெரிய செலவு வேறு.

அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பகுதியில் நடந்த ஒரு ஆய்வு 1986-ல் வெளியானது. வீட்டில் இருந்த துப்பாக்கியால் தற்காப்புக்காக ஒருவர் கொல்லப்பட்டால், அதே மாதிரித் துப்பாக்கிகளால் 37 பேர் தற்கொலை செய்திருந்தார்கள். துப்பாக்கி ஆதரவாளர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். செத்தவர்களை மட்டும் எண்ணுகிறாய், துப்பாக்கியைக் காட்டியதுமே ஓடிய திருடனை எண்ணவில்லையே என்பார்கள். நியாயமான கேள்விதான். அதைக் கழித்துக்கொண்டாலும் அந்த 37 பேர் எங்கே போவார்கள்? அவர்கள் திருடர்கள் இல்லை, வீட்டு ஆட்கள்.

"சாக நினைப்பவன் எப்படியும் சாவான்" என்று ஒரு பேச்சு உண்டு. பொய். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். தொண்ணூறுகளின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்று. 1995-லும் 1998-லும் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். பத்தே வருடத்தில் தற்கொலை விகிதம் பாதியானது. மனிதர்களின் துக்கம் பாதியாகிவிடவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பொருள் போனது, அவ்வளவுதான். அந்த ஒரு கெட்ட மணிநேரத்தைத் தாண்டிவிட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு அப்படிச் சாவதில்லை. துப்பாக்கி அந்த ஒரு மணிநேரத்தைத் தருவதில்லை.

மாமா வீட்டில் பேரன் இந்த வருஷம் பிளஸ் டூ. பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்பது அந்த வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். ரிசல்ட், நீட், கடன், குடி, வீட்டுச் சண்டை என்று நம் வீடுகளுக்குள் தினமும் வந்துபோகும் ஆபத்துகளின் பட்டியலில் முகமூடித் திருடன் எத்தனையாவது இடம்? மனசு சரியில்லை என்றால் 104-க்குப் போன் செய்தால் பேச ஆள் இருக்கிறார்கள், அதற்கு லைசென்ஸும் வேண்டாம்.

பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் ரிசல்ட் வந்த அன்று ஒரு முடிவெடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருந்தது, பிழைத்தான். இப்போது சி.ஏ. இன்டர் எழுதுகிறான். எனக்கு காஸ்ட்டிங் சொல்லித் தருவதே அவன்தான்.