ஜெனரேட்டர் வாங்கலாமா?

யானை வாங்குமுன் தீனிக் கணக்குப் பாருங்கள்!

ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை 317 ரூபாய்!

இதைக் கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். "மின்வாரியம் இவ்வளவு ஏற்றிவிட்டதா?" என்று கேட்பீர்கள்.

மின்வாரியம் ஏற்றவில்லை. நம் வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வைத்து, நாமே தயாரித்துக்கொள்ளும் மின்சாரத்தின் விலை அது.

கோடை பிறந்தால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் வெயில் சுட்டெரிக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால், வீட்டில் ஒரு பேச்சு எழும்.

"பேசாமல் ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமே!"

வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்லும் விலை மட்டும் அதன் விலை அல்ல. முழுக் கணக்கையும் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மறக்க முடியாத 2012

ஜெனரேட்டர் ஆசை இந்த வட்டாரத்தில் எப்போது பரவியது?

2008-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை முற்றியது. 2012-ல் நிலைமை மிகவும் மோசமாயிற்று. சுமார் 4,000 மெகாவாட் மின்சாரம் போதவில்லை.

சென்னையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. மற்ற மாவட்டங்களிலோ 12 மணி நேரம், சில நாட்களில் அதற்கும் மேல்! ஒரு மணி நேரம் வெளிச்சம், ஒரு மணி நேரம் இருட்டு என்று பொழுது போயிற்று.

சிவகாசிக்கு "குட்டி ஜப்பான்" என்று பெயர். சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923-ல் இங்கே தொடங்கினார்கள். அன்று அது கைத்தொழில். கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

இன்றும் பட்டாசு ஆலைகளில் மருந்து செலுத்தும் வேலை பெரும்பாலும் கையால், பகல் வெளிச்சத்தில் நடப்பதுதான். ஆனால் அச்சகத்தின் கதை வேறு. ஆப்செட் எந்திரம் கரண்ட் இல்லாமல் அசையாது.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிப்பார்கள். புத்தாண்டு பிறப்பதற்குள் சரக்கு ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும். நடுவில் எந்திரம் நின்றால்? ஆட்களுக்குக் கூலி உண்டு, வேலை இல்லை. ஜனவரி தாண்டிய காலண்டரை யார் வாங்குவார்கள்?

அதனால் அச்சகங்கள் டீசலை ஊற்றின. ஜெனரேட்டர் சத்தம் ஊரெங்கும் கேட்டது. அதைப் பார்த்து வீடுகளுக்கும் ஆசை வந்தது.

2013-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் மின்சாரம் வரத் தொடங்கியது. புதிய அனல்மின் நிலையங்களும் ஓடின. 2015-ல் தொழிற்சாலைகளுக்கான மின்கட்டுப்பாடு நீங்கியது.

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தத் தேவையும் சமாளிக்கப்பட்டது.

இன்று நமக்கு வருவது நாள் முழுக்க நீளும் பழைய இருட்டு அல்ல. மாதாந்திரப் பராமரிப்பு, டிரான்ஸ்பார்மர் கோளாறு, காற்று மழை என்று வந்து போகும் மின்தடை. நோய் மாறிவிட்டது. மருந்தும் மாற வேண்டாமா?

சுண்டைக்காய் கால் பணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். ஜெனரேட்டருக்கு இது அப்படியே பொருந்தும்.

நல்ல கம்பெனியின் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர், அளவுக்குத் தக்கபடி அரை லட்சத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை ஆகும். சத்தம் குறைந்த டீசல் ஜெனரேட்டர் வேண்டுமானால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும்.

அதோடு முடிந்ததா?

வீட்டு வயரிங்கோடு இணைக்க வேண்டும். கரண்ட் மாற்றும் சுவிட்ச் வேண்டும். எர்த் போட வேண்டும். சிமெண்ட் மேடை, மழை படாத கூரை, எலெக்ட்ரீசியன் கூலி என்று செலவு நீளும். பிறகு காலம் முழுவதும் எண்ணெய், ஆயில், சர்வீஸ்!

317 ரூபாய் எப்படி?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கையில் பென்சில் இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஜெனரேட்டர் விலை 60,000 ரூபாய். பொருத்தும் செலவு 15,000 ரூபாய். மொத்தம் 75,000 ரூபாய். அது 10 வருடம் உழைக்கும் என்று கொண்டால், வருடத்துக்கு 7,500 ரூபாய்.

மாதம் 10 மணி நேரம் கரண்ட் போகிறது. வருடத்துக்கு 120 மணி நேரம். மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல் வீதம் 90 லிட்டர். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால் 9,000 ரூபாய்.

ஆயில் மாற்றவும் பழுது பார்க்கவும் 2,500 ரூபாய்.

ஆக வருடச் செலவு 19,000 ரூபாய்.

இதில் கிடைத்த மின்சாரம் எவ்வளவு? விளக்கு, விசிறி, டி.வி., பிரிஜ் எல்லாம் சேர்ந்து சராசரி 500 வாட் என்றால், 120 மணி நேரத்துக்கு 60 யூனிட்.

19,000-ஐ 60 ஆல் வகுத்தால் யூனிட் 317 ரூபாய்!

மின்வாரியத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட் வரை உபயோகிக்கும் வீட்டுக்கு, மீதிக்கும் யூனிட் 5 ரூபாய்க்குள்தான். அந்த 60 யூனிட்டையும் வாரியத்திடம் வாங்கினால் 300 ரூபாய் கூட ஆகாது.

வாரியத்தில் வருடம் முழுவதுக்கும் ஆகும் காசை, ஜெனரேட்டர் ஒரே யூனிட்டுக்கு விழுங்குகிறது.

நாளெல்லாம் இருட்டானால்?

"கரண்ட் அதிகம் போனால் ஜெனரேட்டர் லாபம்தானே?" என்று கேட்கலாம்.

அதையும் பார்ப்போம். 2012 போலத் தினம் 12 மணி நேரம் கரண்ட் இல்லை என்று வையுங்கள். மாதம் 360 மணி நேரம். 270 லிட்டர் பெட்ரோல். இன்றைய விலையில் மாதம் 27,000 ரூபாய்!

தீப்பெட்டி ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் போய்வரும் குடும்பம் இதைத் தாங்குமா?

மின்தடை குறைவாக இருந்தால் யூனிட் விலை எட்டாது. அதிகமாக இருந்தால் மாதச் செலவு எட்டாது. சாதாரணக் குடும்பத்துக்கு ஜெனரேட்டர் இரண்டு வகையிலும் கட்டாது.

யாருக்குக் கட்டும்?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு.

கரண்ட் இல்லாத ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு செலவு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நஷ்டம் பெரிதாக இருந்தால் வாங்குங்கள். செலவு பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அச்சகத்துக்கு நஷ்டம் பெரிது. ஐஸ் வியாபாரிக்கும் பெரிது. வீட்டிலேயே பிராண வாயு எந்திரத்தில் சுவாசிக்கும் நோயாளி இருந்தால், அதற்கு விலையே கிடையாது. அங்கே மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

விசிறி சுற்றவில்லை, டி.வி. பார்க்க முடியவில்லை என்பது கஷ்டம்தான். ஆனால் 19,000 ரூபாய்க் கஷ்டமா?

வீட்டுக்கு எது போதும்?

நாலு எல்.இ.டி. விளக்கு, மூன்று விசிறி, ஒரு டி.வி., செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து சுமார் 350 வாட்தான்.

இதற்கு ஓர் இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் போதும். சுமார் மூன்றரை மணி நேரம் தாங்கும். விலை 20,000 முதல் 30,000 ரூபாய் வரை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும். சத்தம் இல்லை, புகை இல்லை.

ஆனால் பேட்டரி நிறையப் பல மணி நேரம் கரண்ட் வேண்டும். 2012-ல் பல வீடுகளில் இன்வெர்ட்டர் கை கொடுக்காமல் போனதற்கு இதுதான் காரணம். இன்றைய மின்தடைக்கு அது போதும்.

அதற்கும் வசதி இல்லையா? சில நூறு ரூபாய்க்கு, கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி பல்பு கிடைக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வெளிச்சம் போதும்.

பிரிஜ்ஜுக்காகக் கவலைப்பட வேண்டாம். கதவைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டுமா? பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே பத்திரிகையில் அறிவிக்கிறார்கள். முதல் நாளே தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

கல்யாணம், காதுகுத்து என்றால் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, பல கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. அங்கே வாடகை ஜெனரேட்டரை வீடு வீடாகக் கொண்டுபோய்த் தண்ணீர் ஏற்றினார்கள். எப்போதோ ஒரு நாள் வரும் தேவைக்கு வாடகையே போதும்.

கூரை மேல் சூரிய மின்தகடு போட நினைப்பவர்களும் உண்டு. 2024-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மின்கட்டணம் குறையும். ஆனால் பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உஷார்! உஷார்!

இவ்வளவுக்குப் பிறகும் ஜெனரேட்டர் வேண்டும் என்றால், மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது, புகை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோவார். 2020-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லாரா புயல் தாக்கியது. அங்கே முதல் சில நாட்களில் கணக்கிடப்பட்ட சாவுகளில் பாதி, ஜெனரேட்டர் புகையால் வந்தவை! எனவே வராந்தா, மாடிப்படிக்கு அடி, மூடிய கொட்டகை ஆகிய எந்த இடமும் கூடாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது, நெருப்பு. நம் பக்கத்து வீடுகளில் அட்டையும் காகிதமும் தீக்குச்சியும் சாதாரணமாகக் கிடக்கும். அங்கே பெட்ரோல் கேனை வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. ஓடிச் சூடேறிய எந்திரத்தில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

மூன்றாவது, இணைப்பு. ஜெனரேட்டர் வயரைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பினால், 230 வோல்ட் 11,000 வோல்ட்டாக மாறும்.

அங்கே கம்பத்தின் மேல் ஒரு லைன்மேன் நிற்பார். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுவார். நமக்கு வெளிச்சம் தரவே அவர் ஏறியிருக்கிறார். நம் வீட்டுக் கரண்ட் அவர் உயிரைக் குடிக்கலாமா?

வாரியக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒருபோதும் சேராதபடி தடுக்கும் சுவிட்சைத்தான் பொருத்த வேண்டும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் கொண்டு செய்யுங்கள். மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பொதுக் கரண்ட்

இன்னும் ஒரு விஷயம் உண்டு.

ஒரு தெருவில் வசதி உள்ள பத்து வீடு ஜெனரேட்டர் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? கரண்ட் போனதும் அந்தப் பத்து வீட்டிலும் விளக்கு எரியும். மின்வாரியத்துக்குப் போன் போடும் ஆள் குறைவார். கோளாறு ஒரு மணி நேரத்தில் சரியாவதற்குப் பதில் நாலு மணி நேரம் ஆகும்.

அந்த நாலு மணி நேர இருட்டு யாருக்கு? மீதியுள்ள ஏழை வீடுகளுக்கு!

ஆகவே கரண்ட் போனால் முதல் வேலையாக மின்னகம் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்: 94987 94987. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி போகிறதா? நாலு வீட்டார் சேர்ந்து தேதியும் நேரமும் எழுதி, உதவிப் பொறியாளரிடம் மனுக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் பாரம் தாங்கவில்லை என்றால் வேறு வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு டிரான்ஸ்பார்மர் சரியானால் தெருவே வெளிச்சம் பெறும். அந்த வெளிச்சம் யூனிட் 5 ரூபாய்க்குள் கிடைக்கும். போன் செய்யும் செலவோ ஒன்றும் இல்லை.