கடல் மாலுமியும் நதி மாலுமியும்

2014-ம் ஆண்டில் எண்ணெய் விலை சரியத் தொடங்கியதும், மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பணி செய்துவந்த கப்பல்கள் பல லூயிசியானா கரையோரத்தில் கட்டிப்போடப்பட்டன. பிழைப்பிழந்த அமெரிக்க மாலுமிகள் பலர் மிஸிஸிப்பி நதிப் படகுகளில் வேலை தேடினர். எண்ணெய் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் நிகழக்கூடிய இம்மாற்றத்தில் கவனிக்கத்தக்க நியாயம் ஒன்று அடங்கியிருக்கிறது.

ஆழ்கடலைக் கண்டவருக்கு நதி ஒரு பொருட்டா என்று சிலர் கேட்கலாம். இது அறியாதார் கேள்வி. கடலில் இழுவைக் கப்பல் நீண்ட வடத்தைக் கட்டிச் சரக்குப் படவைப் பின்னால் இழுத்துச் செல்கிறது. அங்கே அஞ்சத்தக்கவை அலையும் புயலும். நதியிலோ படவுகளை இரும்புக் கயிறுகளால் ஒன்றோடொன்று பிணைத்துப் பின்னின்று தள்ளுகிறார்கள். மிஸிஸிப்பியின் கீழ்ப்பகுதியில் ஒரே படகு முப்பதுக்கு மேற்பட்ட படவுகளைத் தள்ளுவதுண்டு. ஒவ்வொன்றும் சுமார் 1,500 டன் சரக்குக் கொள்ளும். நீரோட்டத்தோடு இறங்கும் அப்பெருஞ்சுமையை நினைத்த மாத்திரத்தில் நிறுத்த இயலாது. வளைவையும் மணல்திட்டையும் பாலத்தையும் அறிந்தவரே அதை நடத்த வல்லவர்.

பயிற்சிக் குறைவின் விலை 1993 செப்டம்பர் 22-ந் தேதி தெரிந்தது. அலபாமாவில் மொபைல் நதியில் சென்ற படகொன்று மூடுபனியில் திசை தப்பிக் கிளையாற்றில் புகுந்தது. அதன் படவுகள் ரயில் பாலத்தில் மோதிப் பாலத்தை நகர்த்திவிட்டன. சற்று நேரத்தில் வந்த ரயில் கவிழ்ந்து 47 பேர் மாண்டனர். படகை நடத்தியவருக்கு ரேடார்ப் பயிற்சி போதாது. அவருடைய திறமையைக் கம்பெனி உறுதிசெய்துகொள்ளவில்லை. லைசென்ஸுக்குக் கடலோரக் காவற்படை விதித்த தகுதியும் குறைவு. விசாரணையின் முடிவு இதுவே.

பின்னர் விதிகள் கடுமையாயின. கடலில் காப்டனாயிருந்தவரும் மிஸிஸிப்பி முதலிய நதிகளில் படகு நடத்தும் பொறுப்பேற்குமுன், அந்நதிகளிலேயே 90 நாள் பழக வேண்டும். பரிசோதகர் அவர் திறமையைக் கண்டு கையொப்பமிட வேண்டும். நதியிலிருந்து கடலுக்குச் செல்வோருக்கும் தனிப் பயிற்சி உண்டு.

இவ்விதியைத் தளர்த்துவது தகாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால், அந்த 90 நாளும் காப்டனாயிருந்தவர் மாணாக்கராகிறார். அவருடைய குடும்பத்தின் அடுப்போ ஒருநாளும் ஓய்வதில்லை. பயிற்சியின் பயனைப் பெறும் கம்பெனிகளே அக்காலத்தின் முழுச் சம்பளத்தையும் ஏற்பதுதான் நியாயம். பொதுஜனங்களின் உயிரைக் காக்கும் செலவை வேலையிழந்த தொழிலாளியின் தலையில் சுமத்துவது தர்மமன்று.